ஏழு மணிக்கு விழுந்த மெயின்

வேலை முடிந்து வந்து, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் ஹால் விளக்கின் சுவிட்சைத் தட்டினேன். ஒரு நொடி ஹால் முழுக்க வெள்ளை வெளிச்சம். அடுத்த நொடி இருட்டு.

சுவிட்சை இரண்டு மூன்று முறை மேலும் கீழும் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சமையலறை விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எந்த விசையும் விழவில்லை. பல்பு போய்விட்டது போலிருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவிட்சை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஹால் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

நான் தனியாக இருப்பவள். என் திருமணம் நிலைக்கவில்லை. அது பழைய கதை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு, அணைந்த விளக்கு தானாக எரிவது சாதாரண விஷயமில்லை. ஈரத் தலையோடு முதலில் போய் வாசல் கிரில்லின் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பிறகு பின்கதவை. பிறகு ஒவ்வொரு அறையாக. யாரும் இல்லை.

அதற்கடுத்த இரண்டு நாள் விளக்கு ஒழுங்காக எரிந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. தட்டியதும் ஒரு மின்னல், உடனே இருட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் தானாக வெளிச்சம். அந்த ஐந்து நிமிடமும் நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து சீலிங்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது வரும் என்று தெரியாது. 

அது புது விளக்கு. அதற்கு முன்னால் அந்த இடத்தில் சின்ன பல்பு ஒன்று பல வருடமாக எரிந்தது. கண் மங்குகிறதே என்று பெரிய வட்ட விளக்காக வாங்கி நானே மாட்டியிருந்தேன். குழாய் மாற்றுவது, பல்பு மாட்டுவது, கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவது எல்லாம் தனியாக இருந்து பழகிய வேலைகள். அதனால் இதையும் நானே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். விளக்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அவர் மேசையில் மாட்டி எரியவிட்டுக் காட்டினார். "லைட்டு நல்லாத்தான் இருக்கு ஆன்டி. சுவிட்சப் பாருங்க." மெயினை இறக்கிவிட்டுச் சுவிட்சை மாற்றினேன். உள்ளே இரண்டே வயர்கள், ஒன்று வரும், ஒன்று போகும். தப்பு செய்ய வழியே இல்லை. புது சுவிட்சு இரண்டு நாள் நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் பழையபடி.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில், வரிசை வீடுகளின் கடைசியில் இருக்கும் ஒரு முனை வீட்டின் பாதி என் வீடு. மற்ற பாதியில் அக்கா இருக்கிறாள். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, ஓய்வுபெற்ற பிறகு, இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கொரு பாதி என்று ஹாலின் நடுவில் செங்கல் சுவர் எழுப்பினார். எனக்குத் தனி வாசல், தனி மீட்டர், தனி மெயின் பெட்டி எல்லாம் வைத்துக் கொடுத்தார். பழைய பெட்டி அக்கா பக்கம் போனது. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வந்து வயரிங் செய்தார். இப்போது அப்பாவும் இல்லை, அந்த மனிதர் எங்கே என்றும் தெரியாது.

நானும் அக்காவும் அப்போது பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. தப்பு என்னுடையது என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். ஆனால் மூன்று வருடமும் நான் அப்படி நினைக்கவில்லை.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பட்டறையில் கார்களுக்குச் சாயம் அடித்தவர். இருமல் வந்தது. நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் இருப்பவள். மருத்துவம் தெரியாவிட்டாலும் யாருக்கு எப்போது மூச்சு சரியில்லை என்று பார்த்தால் தெரியும். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா" என்று சொன்னேன். அத்தான் மாட்டேன் என்றார். அக்கா அவர் பேச்சைக் கேட்டு, மருந்து வாங்கிக் கொடுத்து, கஷாயம் வைத்து, இரண்டு வாரம் ஓட்டினாள். கடைசியில் ஆம்புலன்ஸ்தான் வந்தது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தானின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் நின்ற இடத்தில், நான் அவளைப் பார்த்துச் சொன்னேன். "நீதான்க்கா அவர இப்படி ஆக்கிட்ட."

 அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

அத்தான் பிழைத்து வீட்டுக்கு வந்தார், ஒரு ஆக்ஸிஜன் மெஷினோடு. மின்சாரத்தில் ஓடும் மெஷின். அது மூச்சு வாங்குவதுபோல் புஸ் புஸ்ஸென்று ஓடும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். சில மாலைகளில் அதோடு ஒரு கூர்மையான பீப் சத்தமும், யாரோ ஓடும் காலடியும் கேட்கும். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன். அது என் வீட்டு விஷயமில்லை என்று நினைத்தேன்.

விளக்கு இப்படி ஆட்டம் காட்டத் தொடங்கி நான்கு வாரம் ஆன ஒரு சனிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. பழுது சுவிட்சிலும் இல்லை, விளக்கிலும் இல்லை என்றால், சீலிங்கில் வயர்கள் சேரும் இணைப்புதான் தளர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மெயினை இறக்கினேன். இறங்கிவிட்டதா என்று ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். வீடே செத்துக் கிடந்தது. அலுமினிய ஏணியை விரித்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறினேன்.

விளக்கைக் கழற்றியதும் சின்ன வட்டப் பெட்டிக்குள் வயர்கள் தெரிந்தன. ஒரு சிவப்பு, அது சுவிட்சிலிருந்து வருவது. ஒரு கறுப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூன்று கறுப்பு வயர்கள் இருந்தன. மூன்றும் என் விளக்கின் வயரோடு ஒரே இணைப்பில் திருகப்பட்டிருந்தன. விளக்கு மாட்டும்போதும் பார்த்திருக்கிறேன், ஆனால் யோசிக்கவில்லை. மின்சாரம் இருந்தால் எரியும் டெஸ்ட் பென்னை ஒவ்வொரு வயராக வைத்துப் பார்த்தேன். எதிலும் வெளிச்சம் இல்லை. இரண்டாவது முறையும் வைத்துப் பார்த்தேன். இல்லை. மெயினும் இறங்கியிருக்கிறது, டெஸ்ட் பென்னும் இல்லை என்கிறது, இனி என்ன பயம்?

திருகைத் தளர்த்தி, ஒரு கறுப்பு வயரை விரலால் பிடித்து வெளியே இழுத்தேன்.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. கைக்குள் யாரோ புகுந்து நரம்பைப் பிடித்து முறுக்கியது போலிருந்தது. பல் கிட்டிக்கொண்டது, டார்ச்சு தெறித்து விழுந்தது. கத்தினேனா என்று தெரியாது. உடம்பு தானாகப் பின்னால் எகிறியது. அதுதான் என்னைக் காப்பாற்றியது, வயர் கையிலிருந்து விடுபட்டது. சோபாவின் மரக்கையில் இடுப்பு மோதித் தரையில் விழுந்தேன். ஏணி என் பக்கத்தில் பெரிய சத்தத்தோடு சாய்ந்தது.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. "ஐயோ, லைட்டு போச்சே!"

எழுந்திருக்க முடியவில்லை. வலது கை தோள்வரை மரத்துப்போயிருந்தது. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்ளட்டும், நிற்காமல் இருந்தால் சரி என்று நினைத்தேன்.

வாசல் கிரில்லை யாரோ உலுக்கினார்கள்.

"என்னாடி சத்தம் உள்ள? ஏய்! திறடி!"

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. நான் தவழ்ந்து போய்ச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவள் கம்பிக்குள் கையை விட்டு வாங்கித் தானே திறந்துகொண்டாள். மழையில் நனைந்திருந்தாள், காலில் செருப்பில்லை. சாய்ந்து கிடந்த ஏணியைப் பார்த்தாள், திறந்து கிடந்த சீலிங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கரண்டு அடிச்சிருச்சா?"

"ம்."

"மெயின் இறக்காம ஏறுனியா? உனக்கு அறிவு இல்ல?"

"இறக்கித்தான் இருக்கு. போய்ப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "எங்க ஹால் லைட்டு இப்பத்தான் போச்சு. மெயின் விழல. லைட்டு மட்டும் போச்சு."

நான் வயரை இழுத்த அதே நொடி. இரண்டு பேரும் மேலே பார்த்தோம். இணைப்பிலிருந்து பிரிந்த கறுப்பு வயர் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இன்னும் மின்சாரம் இருந்தது. அது என் வீட்டு மின்சாரம் இல்லை.

"அக்கா, உங்க பெட்டியில லைட்டு விசைய மட்டும் இறக்கிட்டு வா. மெயினத் தொடாத. அந்த வயரு உங்க வீட்டுது."

அவள் ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரலாமா, போய்விடலாமா என்று யோசிப்பது போலிருந்தது. பிறகு சொன்னாள், "நாலு வாரமா எங்க மெயினு விழுது. சாயந்தரத்துல."

"எத்தன மணிக்கு?"

"ஏழு மணி. ஏழே காலு."

கொம்யூட்டர் ரயில் தாமதமாகாமல் இருந்தால் நான் வீட்டுக்கு வரும் நேரம் ஏழு. தாமதமானால் ஏழே கால்.

"தினமுமா?"

"தினமும் இல்ல. வாரத்துல மூணு நாளு, நாலு நாளு. போன வாரம் வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் விழல."

அந்த இரண்டு நாளும் நான் ரவாங்கில், கூட வேலை செய்யும் தோழியின் வீட்டில் தங்கியிருந்தேன். 

"மெயினு விழுந்தா மெஷினு நின்னுரும்" என்று அக்கா சொல்லிக்கொண்டே போனாள். "பீப் பீப்னு கத்தும். நான் ஓடிப்போயி அவருக்கு சிலிண்டர மாட்டிவிட்டுட்டு, அப்புறந்தான் மெயின ஏத்துவேன். அஞ்சு நிமிஷம் ஆயிரும். அதுக்குள்ள அவரு படுற பாடு இருக்கே..."

ஐந்து நிமிடம். நான் சோபா ஓரத்தில் உட்கார்ந்து, எப்போது வெளிச்சம் வரும் என்று காத்திருந்த அதே ஐந்து நிமிடம். டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்ட மாலைகள்.

அந்த நிமிடம் நான் சும்மா இருந்திருக்கலாம். வயர்மேன் வந்து ஏதோ பழுது என்று சரிசெய்துவிட்டுப் போயிருப்பார். சொல்ல வேண்டாம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, அது நான்தான். நான் வந்து ஹால் லைட்டப் போடுற நேரம் அது. நான் போட்டதும் உங்க மெயினு விழுது. நீ ஏத்துனதும் என் லைட்டு எரியுது. நாலு வாரமா நான்தான் அவரோட மெஷின நிறுத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

 திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவரு தனியா இருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளே வயர்மேனுக்குப் போன் செய்துவிட்டாள் என்று தெரிந்தது. பக்கத்து ஊர் காப்பாரிலிருந்து அவர் வேனில் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். நொண்டிக்கொண்டு கதவைத் திறந்த என்னையும் ஏணியையும் பார்த்ததும் எல்லாம் புரிந்ததுபோல் தலையை ஆட்டினார். மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் போய், அக்காவின் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"யாரு செஞ்ச வேல இது?"

"அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தரு."

"உங்க பெட்டியிலேருந்து சுவிட்சுக்கு லைன் கொடுத்துட்டாரு. திரும்பிப் போற வயரு மட்டும் பழைய பெட்டிக்கே போவுது. உங்க வீட்டுக் கரண்டு அவங்க வீட்டு வழியா திரும்புது. வந்ததும் போறதும் ஒத்து வரலேன்னா மெயினு விழுந்துரும், அதுக்குத்தான் அத வெச்சிருக்கு. உங்க பெட்டியில அந்த விசையே வெக்கல, அதனால அவங்கதுதான் விழும், அது விழுந்ததும் உங்க லைட்டும் அணைஞ்சிரும். பழைய பல்பு சின்னது, பேசாம இருந்துச்சு. இப்ப பெரிய லைட்டா போட்டுட்டீங்க, அது எல்லையிலேயே நிக்குது, சில நேரம் தட்டி விட்டுருது, சில நேரம் பேசாம இருந்துருது."

"அப்ப எனக்கு எப்படி அடிச்சது? டெஸ்ட் பென்ல எரியலையே."

"சேந்து இருக்குற வரைக்கும் எரியாது. நீங்க பிரிச்சீங்களே, அப்ப அவங்க லைட்டு வழியா வந்த கரண்டுக்கு போக வழி இல்ல. உங்க கை வழியா போயிருச்சு. உயிரோட இருக்கீங்கல்ல, சந்தோஷப்படுங்க." இரண்டு மெயினையும் இறக்க வேண்டும், இருபது நிமிட வேலை என்றார்.

அக்கா என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இருவது நிமிஷமெல்லாம் முடியாதுண்ணே. சிலிண்டர்ல அவ்வளவு இல்ல."

சின்ன சிலிண்டர். அவசரத்துக்கு மட்டும் வைத்திருப்பது. நான்கு வாரமாக வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் அந்த அவசரம் வந்துகொண்டே இருந்ததில் அது காலியாகிக்கொண்டு வந்திருந்தது. புது சிலிண்டர் திங்கட்கிழமைதான் வரும்.

"அப்ப திங்கக்கிழமை செய்யலாமே" என்றேன்.

வயர்மேன் தலையை ஆட்டினார். "இப்படி பிரிஞ்சு கெடக்குறத விட்டுட்டுப் போக மாட்டேன்லா. இந்தக் கறுப்பு வயரு வேற எங்க எங்க சேந்திருக்குன்னு தெரியாது. ஏதாச்சும் ஆயி அந்த மெஷினே போயிருச்சுன்னா?"

எதிர்வீட்டிலிருந்து மெஷினுக்கு வயர் இழுக்கலாமா என்று கேட்டேன். மழையில் ரோட்டுக்குக் குறுக்கே வயர் போடுவதா என்று அவர் என்னைப் பார்த்தார். அக்கா உள்ளே போய் அத்தானிடம் கேட்டாள். அவர் "செய்யச் சொல்லு" என்றாராம்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அக்கா வீட்டுக்குள் போனேன். யாரும் கை தவறி மெயினை ஏற்றிவிடாமல் பெட்டியருகிலேயே ஒருவர் நிற்க வேண்டும் என்று வயர்மேன் சொல்லியிருந்தார். அது பின்னால் சமையலறையில் இருந்தது. அக்கா அங்கே நின்றாள். நான் அத்தானின் கட்டிலருகில் உட்கார்ந்தேன். வயர்மேனோடு என் கைப்பேசியில் பேசலாம். மூக்குக் குழாயை மெஷினிலிருந்து கழற்றிச் சிலிண்டரில் மாட்டினேன். மெயின் இறங்கியது. மெஷின் ஒருமுறை நீளமாகக் கத்திவிட்டு ஓய்ந்தது. இத்தனை நாள் சுவர் வழியாகக் கேட்ட சத்தம் அதுதான். பக்கத்திலிருந்து கேட்டால் காது வலித்தது.

அத்தான் நன்றாக இளைத்திருந்தார். விரலில் மாட்டியிருந்த, ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் சின்னக் கருவி தொண்ணூற்று மூன்று என்றது. சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"வேலையெல்லாம்... நல்லாப் போவுதா?" என்று கேட்டார்.

"பேசாதீங்க அத்தான்."

அவர் கேட்கவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு விட்டுப் பேசினார். "நீ கிரில்லத் தொறக்குற சத்தம் கேக்கும்... உங்கக்கா 'வந்துட்டா'ம்பா... அப்புறம் மெயினு விழும். நான் அப்பவே சொன்னேன்... அவ லைட்டுதான் போல, போய்க் கேளுன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "போவல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெரிந்துமா கதவைத் தட்டாமல் இருந்தாள்? இவர் மூச்சுக்கு ஏங்கும்போதுகூடவா? அந்தக் கோபம் முழுதாக எழுவதற்குள் டிவியின் சத்தத்தைக் கூட்டிய என் கை நினைவுக்கு வந்தது. நான் மட்டும் என்ன, பீப் சத்தம் கேட்டு ஒருநாளாவது போய்ப் பார்த்தேனா?

பத்து நிமிடம் ஆயிற்று. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. விரல் கருவியில் தொண்ணூறு. போனை எடுத்தேன்.

"அண்ணே, ஆயிருச்சா?"

"உங்க பெட்டியிலேருந்து புது வயரு இழுக்குறேன். பைப்புக்குள்ள சிக்கிக்கிச்சு. இன்னும் ஒரு பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் இங்க இல்லண்ணே!"

"இழுத்துட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும்."

"என் வீட்ட விடுங்க. எனக்கு லைட்டே வேணாம். அவங்க வயர மட்டும் சேத்துட்டுச் சொல்லுங்க."

 "சரி. மூணுல எது எதுன்னு பாக்கணும். அவசரப்பட்டு மாத்திச் சேத்துட்டா இன்னும் கெட்டுப் போயிரும். லைன்லயே இருங்க."

போனில் அவர் மூச்சும், இடுக்கி தட்டும் சத்தமும் கேட்டன. எண்பத்தெட்டு. அத்தான் பேசுவதை நிறுத்திவிட்டார். தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின. உதட்டின் ஓரம் நிறம் மாறுவதுபோல் எனக்குத் தோன்றியது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை, அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மின்சாரம் அடித்த அதே கை. வலித்தது. எடுக்கவில்லை.

"என்னா ஆச்சு?" சமையலறையிலிருந்து அக்கா கத்தினாள். "எவ்வளவு இருக்கு?"

முள் அடியில் படுத்திருந்தது.

"இருக்குக்கா. நீ அங்கேயே நில்லு."

எண்பத்தாறு. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் இந்தப் போனை வைக்க வேண்டும். வைத்தால் வயர்மேன் முடித்ததும் என்னிடம் சொல்ல முடியாது. அந்தச் சின்ன விஷயத்தைக்கூட முடிவு செய்ய முடியாமல் மூளை சுற்றியது. எண்பத்தைந்து.

"ஏத்துங்க!" என்றது போன்.

"அக்கா, ஏத்து!"

தட் என்று விசை ஏறும் சத்தம். காற்றாடி அசைந்தது. மெஷின் ஒருமுறை கத்தி, பிறகு புஸ் புஸ்ஸென்று ஓடத் தொடங்கியது. குழாயைச் சிலிண்டரிலிருந்து பிடுங்கி மெஷினில் மாட்ட வேண்டும். முனை உள்ளே போகவில்லை, இரண்டு முறை நழுவியது. ஓடிவந்த அக்கா என் கையைத் தட்டிவிட்டு ஒரே அழுத்தில் மாட்டினாள். எத்தனை மாலை மாட்டிப் பழகிய கை அது.

மூன்று பேரும் விரல் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண்பத்தைந்து. வெகுநேரம் எண்பத்தைந்து. பிறகு எண்பத்தாறு. எண்பத்தொன்பது. தொண்ணூற்றொன்று. அத்தான் என் மணிக்கட்டை விட்டார்.

அக்கா சிலிண்டரின் முள்ளைக் குனிந்து பார்த்தாள். "இருக்குன்னியே."

"உன்னைய அங்கேருந்து நகர விடக்கூடாதுன்னு சொன்னேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். நானும் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். தண்ணீர்க் கெட்டிலைப் போட்டுவிட்டு, அது கொதிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகைப் பார்த்துத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"நாலு வாரமா நான் அவர மூச்சு விடாம பண்ணிருக்கேன். எனக்குத் தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். கெட்டில் இரைந்தது. "எனக்கும் அப்ப தெரியாதுடி. ரெண்டு வாரம் வீட்டுல வெச்சிருந்தேனே, அது இவ்வளவு பெரிசா போவும்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா வெச்சிருப்பேனா?"

"தப்புக்கா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எல்லாரு முன்னாலயும் சொன்ன."

"ம்."

"அவரு சொன்னாரு, லைட்டு உன்னுதுதான், போய்க் கேளுன்னு. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்னா பண்ணியிருப்பேன்?"

 அவள் மூன்று கோப்பையில் பால் சேர்க்காத தே ஓ ஊற்றினாள். ஒன்றை வயர்மேனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். "நடக்க முடியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே எடுத்துப் போனாள்.

என் ஹால் திங்கட்கிழமை வரை இருட்டாகவே இருந்தது. புது சிலிண்டர் வந்து இறங்கிய பிறகுதான் வயர்மேன் மறுபடி ஏணி ஏறினார். பழைய பைப்பை விட்டுவிட்டு, சுவரோரமாகப் புது வயர் கொண்டுவந்து, என் வீட்டு மின்சாரம் என் வீட்டுக்கே திரும்பும்படி செய்தார். அடுத்த ஞாயிறு இரண்டு வீட்டையும் முழுக்கச் சோதித்ததில் குளியலறை விளக்கிலும் இதே போன்ற ஒரு கலப்பு இருந்தது. அக்கா அவரிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டு உயிரை எடுத்துவிட்டாள்.

இடுப்பு வலி மூன்று வாரம் இருந்தது. முதல் வாரம் அக்கா தைலத்தைப் பின்சுவருக்கு மேலாக நீட்டினாள், உள்ளே வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தாள். தடவிவிட்டுக்கொண்டே, ஏணி ஏறும் பழக்கத்தை விடச் சொல்லித் திட்டினாள். இப்போது பேசிக்கொள்கிறோம். முன்பு மாதிரி எல்லாவற்றையும் சொல்லிக்கொள்வதில்லை. சில பேச்சுக்கு நடுவில் இரண்டு பேருமே சட்டென்று நிறுத்திவிடுகிறோம். அத்தானின் மூச்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போன வாரம் நான் வர ஏழரை ஆகிவிட்டது, ரயில் பங்சாருக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டது. அக்கா போன் செய்தாள்.

"எங்கடி இருக்க? அவரு கேக்குறாரு."

பின்னாலிருந்து அத்தானின் குரல் மெதுவாகக் கேட்டது. "நான் கேக்கல. அவதான் வாசல்ல நிக்கிறா."